ஓட்டத்துக்குப் பிறகும் கால் வேண்டும்: வெளிநாட்டு மாரத்தான் கேள்வி – பதில்

தொண்டியிலிருந்து கீழக்கரை வரை கடலோர ஊர்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே பேச்சு: வெளிநாட்டில் மாரத்தான் ஓட வேண்டும், ஓடிய கையோடு அந்த ஊரையும் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓடுகிற காலும் ஊர் சுற்றுகிற காலும் ஒன்றுதான். டிக்கெட் எடுக்கும் முன்பே இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்தக் கணக்குதான்.

கேள்வி: 21 கி.மீ. ஓட்டம் மூன்று முறை முடித்திருக்கிறேன். முதல் முழு மாரத்தானை வெளிநாட்டில் ஓட ஆசை. சிங்கப்பூரில் அக்கா இருக்கிறார். நண்பர்களோ பெர்லின் போகலாம் என்கிறார்கள். எது நல்லது?
– வாசகர், கீழக்கரை

பதில்: முதல் 42.195 கி.மீ.க்குச் சிங்கப்பூரே போங்கள். அக்கா வீட்டுச் சோறு முக்கியமான காரணம். வெளிநாட்டில் பலருக்கு ஓட்டத்தைக் கெடுப்பது முந்தின இரண்டு நாள் பழகாத சாப்பாடுதான். டிசம்பர் சிங்கப்பூரின் புழுக்கமும் கீழக்கரைக்காரருக்குப் புதிதல்ல.

புதிதாக இருக்கப்போவது நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட 2½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்பே ஓட்டத்தைத் தொடங்குவார்கள். அங்கே காலை 4.30 என்றால் நம் உடம்புக்கு இரவு 2 மணி, ஆழ்ந்த தூக்கம் தூங்குகிற நேரம். ஆகவே கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் முன்கூட்டிப் படுத்து, அரை மணி நேரம் முன்கூட்டி எழுங்கள். அந்த 2½ மணி நேரம் ஊரிலேயே சரியாகிவிடும். ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் போதும்.

பெர்லினில் தடம் சமதரை, செப்டம்பர் கடைசியில் நல்ல குளுமை, உலக சாதனைகள் பல விழுந்த தெருக்கள். ஆனால் பெரும்பாலான இடங்கள் குலுக்கலில்தான் கிடைக்கும். அதற்குப் பதிவு செய்வது முந்தின ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். இடம் கிடைக்குமுன் மலிவாக இருக்கிறதென்று பணம் திரும்பாத விமான டிக்கெட் எடுப்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. முதலில் ஓட்ட இடம், அடுத்து விசா, அதன் பிறகே ரத்து செய்ய முடியாத செலவுகள். ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். சிங்கப்பூர் விசாவை அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் எடுங்கள். அங்கே இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: பெயர். நாம் இனிஷியலோடு எழுதிப் பழகியவர்கள், பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாக இருக்கும். ஓட்டப் பதிவிலும் விமான டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். ஓடும்போது மார்பில் குத்திக்கொள்கிற பிப் எண்ணைப் பாஸ்போர்ட்டைக் காட்டி நேரில்தான் வாங்க வேண்டியிருக்கும். பெர்லினில் பழைய டெம்பல்ஹோஃப் விமான நிலையக் கூடத்தில் கொடுப்பார்கள், கையில் ஒரு பட்டையும் கட்டிவிடுவார்கள். ஓடி முடிக்கும்வரை அதை அறுக்கக் கூடாது.

கேள்வி: தனுஷ்கோடி சாலையில் பழகுகிறேன். போகிற நேரம் ஒன்று, திரும்புகிற நேரம் ஒன்றாக வருகிறது. திரும்பும்போது காற்று முதுகில் தள்ளினாலும் களைத்துப் போகிறேன். ஏன்?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: முதுகில் தள்ளுவதால்தான். காற்றின் வேகமும் உங்கள் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால் உடம்பைச் சுற்றிக் காற்றே அசையாது. வியர்வை ஊறும், காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. எதிர்காற்றில் கால்தான் களைக்கும், பின்காற்றில் சூடு ஏறும். எதிர்காற்றில் இழந்த நேரம் பின்காற்றில் முழுசாகத் திரும்பியும் வராது. அதனால் அந்தச் சாலையில் நிமிடக் கணக்கைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள். போகும்போதும் வரும்போதும் ஒரு வாக்கியம் பேசி முடிக்கிற அளவுக்கு மூச்சு இருந்தால் சரியான வேகம். பின்காற்றுப் பகுதியில் தலையிலும் பிடரியிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 9.5 கி.மீ., போய்வந்தால் 19. நிழல் கிடையாது. காலையில் கடைகளும் திறந்திருக்காது. யாராவது ஒருவர் வண்டியில் தண்ணீரோடு 5 கி.மீ.க்கு ஓரிடத்தில் நிற்க வேண்டும், இல்லையேல் இடுப்பில் புட்டி கட்டிக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். காற்று கொண்டுவந்து போடும் மணல் சாலையோரத்தில் மெல்லிசாகப் படர்ந்திருக்கும். அதில் கால் வழுக்கி, பிடிக்கப்போய், இடுப்பில் சுளுக்கு விழுந்தவர்கள் உண்டு. ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி ஓடுங்கள். சாலை ஓரம் சாய்வாக இருக்கும், எப்போதும் ஒரே பக்கம் ஓடினால் ஒரு முழங்காலுக்கு மட்டும் வலி வரும்.

28 முதல் 32 கி.மீ. வரையான நீள ஓட்டத்துக்கு அந்தச் சாலையை நம்ப வேண்டாம். அதற்கு விடியற்காலை 4 மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். ஊருக்குள் சுற்றுகிற 5 கி.மீ. வட்டம் ஒன்றைத் தேர்ந்து ஆறு சுற்று ஓடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் தண்ணீர் உங்களுக்காகக் காத்திருக்கும்.

நம் கரையில் மேடு என்று சொல்ல இருப்பது பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான். கிட்டத்தட்ட 2.3 கி.மீ., நடுவில் உயரும். கோலாலம்பூர் மாதிரி ஏற்ற இறக்கமுள்ள ஊருக்குப் போகிறவர்கள் வாரம் ஒரு நாள் அதில் மூன்று முறை போய்வாருங்கள். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை அணிந்து, வண்டிகள் எதிரே தெரியும்படி வலப்பக்கம் ஓடுங்கள். நின்று கடல் பார்க்க வருகிற கூட்டம் சேருமுன் முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, இது எல்லோருக்கும். உங்கள் வியர்வைக் கணக்கை ஊரிலேயே எடுத்துவிடுங்கள். ஓடுமுன் உடை குறைத்து எடை பாருங்கள். 64.0 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரம் ஓடி, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்: 62.4. 1.6 கிலோ குறைந்திருக்கிறது. நடுவில் 600 மி.லி. குடித்திருந்தால் மொத்த வியர்வை 2.2 லிட்டர், அதாவது மணிக்கு 1.1 லிட்டர். அத்தனையையும் குடித்து ஈடுகட்ட வேண்டியதில்லை. ஆனால் ஓடி முடிக்கும்போது எடை 2, 3 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அடுத்த முறை கொஞ்சம் கூட்டிக் குடியுங்கள். எடை ஏறியிருந்தால் அதுதான் ஆபத்து. அதைப் பற்றி அடுத்த பதிலில்.

கேள்வி: ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடக் கடைகளில் விற்கிற ஜெல் வயிற்றைப் புரட்டுகிறது. கருப்பட்டி, பேரீச்சை, ஓஆர்எஸ் இவற்றை வைத்தே ஓட முடியாதா?
– வாசகி, தொண்டி

பதில்: முடியும், அளவு தெரிந்தால். ஒரு கிலோ எடையை ஒரு கி.மீ. சுமந்து ஓட ஏறக்குறைய 1 கிலோ கலோரி செலவாகும். 60 கிலோ எடைக்கு முழு மாரத்தான் என்றால் 2,500 சொச்சம். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000தான் தரும். 30 கி.மீ. தாண்டியதும் பலர் சுவரில் மோதினாற்போல் நின்றுவிடுவது அதனால்தான். வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்.

ஒரு ஜெல்லில் 20 முதல் 25 கிராம் இருக்கும். சின்னப் பேரீச்சை ஒன்றில் 5, 6 கிராம்தான். மணிக்கு எட்டுப் பழம் மூச்சு வாங்க வாங்க மெல்ல முடியாது, நாரும் வயிற்றைக் கலக்கும். கருப்பட்டியையும் கடித்துக்கொண்டு ஓடாதீர்கள், புரையேறும். பாகாக்கிக்கொள்ளுங்கள்: 50 கிராம் கருப்பட்டியைப் பொடித்து, 100 மி.லி. வெந்நீரில் கரைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். தூசியும் சுண்ணாம்புத் துகளும் நின்றுவிடும். கசக்கினால் மடங்குகிற சின்னப் புட்டியில் ஊற்றி, 40ஆவது நிமிடத்தில் முதல் வாய், பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு வாய் என்று குடித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு மடக்குத் தண்ணீர். ஒரு மணி நேரத்துக்கு ஒரு புட்டி. நாலைந்து நீள ஓட்டங்களில் வயிறு ஏற்கிறதா என்று பார்த்த பிறகே வெளிநாட்டுக்குக் கொண்டுபோங்கள். பாகை அங்கே போய்க் காய்ச்சுங்கள். கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் விடமாட்டார்கள், ஜெல்லும் திரவக் கணக்குதான்.

ஓஆர்எஸ் உப்புக்குத்தான், சக்திக்கு அல்ல. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராமே இருக்கிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு 2.6 கிராம் இருக்கிறது. சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கிறவர்களுக்கு அது உதவும்.

தண்ணீர்ப் பந்தல் கண்ட இடமெல்லாம் குடிக்காதீர்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் மெதுவாக ஓடுகிறவர்கள் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். விரல் மோதிரம் இறுகும், குமட்டும், தலை வலிக்கும், பேச்சு குழறும். பார்க்கிறவர்கள் நீரிழப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். அப்போது தண்ணீர் விஷம். மருத்துவக் கூடாரத்துக்குப் போய்விட வேண்டும். தாகத்துக்குக் குடியுங்கள், அது போதும்.

காலைச் சாப்பாட்டுக்கு அவல் எடுத்துப்போங்கள். விடுதியில் கெட்டில் இருந்தால் வேலை முடிந்தது. கெட்டி அவல் 100 கிராம், வெந்நீர், சர்க்கரை. ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு சாப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: பெர்லினில் இடம் கிடைத்துவிட்டது. 28 டிகிரிக்குக் கீழே ஓடியதே இல்லை. குளிரை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– வாசகர், உச்சிப்புளி

பதில்: ஓடும்போது குளிராது. நிற்கும்போதுதான் குளிரும். காலையில் 10 டிகிரி வாக்கில் இருக்கலாம், தொடக்கக் கோட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியும் வரும். பழைய முழுக்கைச் சட்டை ஒன்றும், தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்ட பெரிய பிளாஸ்டிக் பையும் மேலே மாட்டிக்கொண்டு நில்லுங்கள். தொடங்குமுன் கழற்றி ஓரமாகப் போட்டுவிடலாம். கீழே வழக்கமான பனியனும் டிரவுசரும் போதும், மெல்லிய கையுறை இருந்தால் நல்லது.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. உச்சிப்புளி வெயிலில் பழகிய உடம்புக்கு 12 டிகிரியில் கால் பஞ்சாகப் பறக்கும். 4½ மணி நேர இலக்கென்றால் கி.மீ.க்கு 6 நிமிடம் 24 விநாடி. முதல் 10 கி.மீ.யில் 6 நிமிடத்துக்குள் இறங்கிவிட்டால் 32ஆவது கி.மீ.யில் அதற்கு வட்டியோடு கட்டுவீர்கள். முதல் 5 கி.மீ. இலக்கைவிட 10 விநாடி மெதுவாகவே போங்கள்.

அக்குள், தொடை இடுக்கு, மார்பு முனை எல்லாவற்றிலும் வாசலின் தடவுங்கள். காலணி பழகியதாக, அரை எண் பெரியதாக இருக்கட்டும். காலணி, ஓட்ட உடை, மருந்து மூன்றும் கைப்பையில் வர வேண்டும். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் ஓட்டம் நிற்காது.

கேள்வி: நோன்பு மாதத்தில் பயிற்சியை விட்டுவிடலாமா?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: விட வேண்டாம், சுருக்குங்கள். வாரம் மூன்று நாள், நோன்பு திறந்து கஞ்சி குடித்து இரண்டு மணி நேரம் கழித்தோ தராவீஹ் தொழுகைக்குப் பிறகோ 6 முதல் 8 கி.மீ. ஓடுங்கள். நீள ஓட்டம் 14 கி.மீ.க்கு மேல் வேண்டாம். பெருநாளுக்குப் பிறகு குறைந்தது 10 வாரம் இடைவெளி இருக்கும்படி மாரத்தானைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் ஓடுகிறேன். அம்மாவும் கூட வருகிறார். பத்துமலை முருகனுக்கு நேர்ந்திருக்கிறார். ஞாயிறு காலை ஓடி முடித்து, மாலையே மலை ஏறிவிடலாமா?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: அம்மாவின் நேர்த்தியை ஓட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். புதன்கிழமை போய் இறங்கினால் வியாழன் காலையில் நிதானமாக ஏறி இறங்கலாம். கே.எல். சென்ட்ரலிலிருந்து கோமுட்டர் ரயில் கோயில் வாசலுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும்.

ஓடிய அன்றும் அடுத்த இரண்டு நாளும் அந்த 272 படிகள் வேண்டாம். ஏறிவிடுவீர்கள், இறங்குவதுதான் பாடு. படி இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. மாரத்தானில் நுண்ணிய கிழிசல்கள் விழுந்திருப்பதும் அதே தசையில்தான். வலி உச்சத்துக்கு வருவது ஓடிய அன்று அல்ல, 24 முதல் 72 மணி நேரத்துக்குள். அந்தப் படிகள் செங்குத்து, மழை பெய்தால் வழுக்கும், கையிலிருப்பதைக் குரங்கு பறிக்கும். முழங்கால் மடங்காமல் இறங்கும்போது குரங்குக்கு விலகக்கூட முடியாது. முன்பே போக நாள் இல்லையென்றால் புதன்கிழமைக்குத் தள்ளி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குங்கள். 42.7 மீட்டர் முருகனைக் கீழே நின்றே கண்ணாரக் கும்பிடலாம்.

ஞாயிறு முடிவுக் கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள். அதுவரை இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்த கெண்டைக்கால் சட்டென்று நின்றால் தலை சுற்றி விழுவீர்கள். பத்து, பதினைந்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சோறும் முட்டையுமோ, தயிர்ச்சோறும் பழமுமோ உள்ளே போக வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள், அன்று வெந்நீரும் அழுத்தி மசாஜ் செய்வதும் வேண்டாம். அம்மா எங்கே நிற்பார் என்பதை முந்தின நாளே அந்த இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். ஓடி முடித்த கூட்டத்தில் கைபேசியில் பேசக் கிடைக்காது.

திங்களன்று லிஃப்ட் உள்ள இடங்கள். பெட்ரோனாஸ் கோபுரத்தின் 41, 42ஆவது தளங்களை இணைக்கும் வான்பாலத்துக்கு முன்பதிவு செய்துகொண்டால் வரிசையில் நிற்க வேண்டாம். நடப்பதைவிட நிற்பதுதான் அன்று வலிக்கும். மலேசியாவில் இப்போதைக்கு இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபாருங்கள். இணைய வருகை அட்டை இங்கும் உண்டு.

சிங்கப்பூர் போகிற கீழக்கரை வாசகருக்கும் சேர்த்தே சொல்கிறோம். ஓடி முடித்த பின் முதல் நாள் ஆற்றில் படகு, இரண்டாம் நாள் சவுத் பிரிட்ஜ் சாலை. 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், 1826இல் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப்போன தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அங்கே ஒரே தெருவில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. எல்லாம் சமதரை. நம் கரைக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய தெரு அது. மூன்று இடத்திலும் செருப்பைக் கழற்ற வேண்டும். குனிந்து கயிறு அவிழ்க்க முடியாத நாள் என்பதால் மாட்டிக் கழற்றுகிற செருப்பே போதும். கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு போங்கள்.

கேள்வி: பெர்லினில் ஓடிய மறுநாளே திரும்பினால் லீவு மிச்சம். கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு விமானம் ஏறலாம் அல்லவா?
– வாசகர், மண்டபம்

பதில்: இரண்டு இரவாவது தங்குங்கள். வீங்கிய காலோடு, உடம்பில் நீர் குறைந்து, பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்கால் நாளத்தில் இரத்தம் உறைய இடமுண்டு. நடைபாதை ஓர இருக்கை வாங்கி, மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடி குதிகாலை ஏற்றி இறக்குங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு திணறினாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன்போ ஓட்டத்தின்போதோ போடவே கூடாது. நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தைத் தாக்கும். ஓடிய பிறகும் சிறுநீர் வழக்கம்போல் போகத் தொடங்கும்வரை வேண்டாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்த அறிகுறி, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பெர்லினில் கிழமைக் கணக்கு முக்கியம். ஓட்டம் ஞாயிறு, ஜெர்மனியில் ஞாயிறன்று மளிகைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஓடி முடித்துச் சாப்பிட வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவையுங்கள். திங்களன்று நெஃபர்டிட்டி சிலை இருக்கிற நொயெஸ் அருங்காட்சியகம் விடுமுறை. ஆகவே திங்கள், 100ஆம் எண் மாடி பஸ். சூ நிலையத்திலிருந்து அலெக்சாண்டர் பிளாட்ஸ் வரை வெற்றித்தூண், நாடாளுமன்றம், பிராண்டன்பர்க் வாயில் பக்கம், அருங்காட்சியகத் தீவு எல்லாம் சாதாரண பஸ் டிக்கெட்டிலேயே கண்ணில் படும். ஒன்றே ஒன்று, அதன் மாடிப்படி. ஏறுமுன் இறங்குவதை நினைத்துக்கொண்டு கீழ்த்தளத்திலேயே உட்காருங்கள். நாடாளுமன்றக் கூரையின் கண்ணாடிக் குவிமாடத்தைப் பார்க்கக் கட்டணமில்லை, முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும். உள்ளே படியில்லாமல் சுழல் சாய்வுப் பாதைதான். செவ்வாய்க்கு நெஃபர்டிட்டி.

கேள்வி: தூரம் காட்டும் என் ஜிபிஎஸ் கடிகாரம் எந்த ஓட்டத்திலும் சொன்ன தூரத்தைவிடக் கூடுதலாகவே காட்டுகிறது. தூரத்தைத் தப்பாக அளக்கிறார்களா?
– வாசகர், திருப்பாலைக்குடி

பதில்: அவர்கள் அளப்பது ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியை. பெர்லினில் அதை நீலக் கோடாகவே சாலையில் வரைந்திருப்பார்கள். கூட்டத்தில் விலகி, வளைவில் வெளிப்பக்கம் சுற்றி, தண்ணீருக்கு ஓரம் போய் நீங்கள் ஓடுவது கூடுதல். உயரமான கட்டடங்களுக்கிடையே செயற்கைக்கோள் சமிக்ஞையும் தடுமாறும். 42.6 காட்டுவதெல்லாம் சகஜம். கடிகாரம் தானாகப் பிரிக்கும் கி.மீ. கணக்கை அணைத்துவிட்டு, சாலையோர கி.மீ. பலகையைத் தாண்டும்போது அதுவரையான நேரத்தைப் பிரித்துக் குறிக்கும் லேப் பட்டனைக் கையால் அழுத்துங்கள்.